பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை, கையில் பிஐஎஸ் கேர் செயலி: எதைக் காட்டும், எதைக் காட்டாது

பிஐஎஸ் கேர் செயலியைப் பலரும் நகைக்கடையில் ஹால்மார்க் எண் பார்ப்பதற்காக இறக்கி வைத்திருக்கிறார்கள். அதே செயலியில் பொம்மையையும் சரிபார்க்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனம், அதாவது பிஐஎஸ், 2020 ஜூலையில் வெளியிட்ட இலவசச் செயலி இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தப் பொம்மையை யார் செய்தார்கள், செய்வதற்கு அவர்களிடம் உரிமம் இருக்கிறதா என்ற கேள்விக்கு முத்திரையும் செயலியும் சேர்ந்து நல்ல பதில் தருகின்றன. பொம்மைக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அரைப் பதில்தான் கிடைக்கும். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கலாம். மீதி ஒன்றரை எங்கே போனது என்பது, ஈயம், தாலேட் (பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் ரசாயனம்) மாதிரியான சமாச்சாரங்களைச் சட்டம் எப்படி அளக்கிறது என்று தெரிந்தால்தான் புரியும்.

முதலில் சட்டம். பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020 பிப்ரவரியில் வந்தது. செப்டம்பரில் அமலாக வேண்டியது, தள்ளிப்போய் 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கென்று செய்த எதுவானாலும், உள்நாட்டில் செய்தாலும் வெளிநாட்டிலிருந்து வந்தாலும், ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் செய்யவோ இறக்குமதி செய்யவோ விற்கவோ கடையில் வைக்கவோ கூடாது. முத்திரை விருப்பப்பட்டால் வாங்குவது என்றிருந்த நிலை அதோடு முடிந்தது. அதற்கு முன் சந்தை எப்படி இருந்தது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு போதும்: 2019-ல் இந்தியத் தரக் கவுன்சில் டெல்லி வட்டாரத்தில் எடுத்துச் சோதித்த 121 இறக்குமதிப் பொம்மை மாதிரிகளில் 66.9 சதவீதம் தேறவில்லை.

தண்டனையும் பல் இல்லாதது அல்ல. 2016-ஆம் ஆண்டின் பிஐஎஸ் சட்டம் முத்திரை இல்லாமல் விற்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது முதல் முறை குறைந்தது 2 லட்சம், அடுத்த முறை குறைந்தது 5 லட்சம் அபராதம், பொருளின் மதிப்பைப் போல் பத்து மடங்கு வரை என்று எழுதி வைத்தது. 2023 ஜனவரியில் வெளியான கணக்குப்படி ஒரே மாதத்தில் நடந்த 44 சோதனைகளில் 18,600 பொம்மைகள் பிடிபட்டன. அவற்றில் ஒரு பகுதி விமான நிலையங்களிலும் பெரிய மால்களிலும் இருந்த பளபளப்பான கடைகளில் சிக்கியது. ஏசி போட்ட கடை என்பதால் சரக்கு சரியாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

முத்திரையைப் படிப்பது

ஐஎஸ்ஐ முத்திரை என்பது மூன்று பாகம் சேர்ந்தது. நடுவில் நாம் எல்லோரும் பார்த்துப் பழகிய சின்னம். அதற்கு மேலே தரநிலையின் எண். கீழே சிஎம்/எல் என்று தொடங்கி 10 இலக்கத்தில் உரிம எண். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது முத்திரை இல்லை, வெறும் படம். பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் சின்னம் மட்டும் அச்சடித்த அட்டைகள் கண்ணில் படுவது இதனால்தான் முக்கியம்: சின்னத்தைப் போலி செய்வது எளிது, நடப்பில் உள்ள பொருந்தும் எண்ணைப் போலி செய்வது அவ்வளவு எளிதல்ல.

மேலே இருக்கும் தரநிலை எண் இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். பேட்டரியோ கரண்டோ இல்லாத பொம்மைக்கு ஐஎஸ் 9873 பகுதி 1. ஏதாவது ஒரு வேலை மின்சாரத்தால் நடக்கிறது என்றால், அது ஒரு சின்ன எல்இடி விளக்காக இருந்தாலும், ஐஎஸ் 15644. இங்கே பலர் குழம்புகிறார்கள். பகுதி 1 என்பது கூர்முனை, சின்னப் பாகம், கயிற்று நீளம் மாதிரியான உடல் சார்ந்த பாதுகாப்பு பற்றியது. அப்படியானால் ரசாயனச் சோதனை நடக்கவில்லையா என்று கேட்பார்கள். நடக்கும். உரிமம் பகுதி 1-இன் பெயரில் கொடுத்தாலும், பொம்மைக்கு ஏற்றபடி மற்றப் பகுதிகளும் அதற்குள் அடக்கம்: தீப்பற்றும் தன்மைக்குப் பகுதி 2, ஈயம் போன்ற தனிமங்களுக்குப் பகுதி 3, ஊஞ்சல் சறுக்கு மரத்துக்குப் பகுதி 4, விரலால் தீட்டும் வண்ணங்களுக்குப் பகுதி 7, தாலேட்டுகளுக்குப் பகுதி 9. அட்டையில் இதெல்லாம் தெரியாது என்பது ஒரு குறைதான்.

செயலியில் உரிம விவரம் சரிபார்க்கும் பகுதியைத் திறந்து எண்ணைத் தட்டினால், தயாரிப்பாளரின் பெயர், தொழிற்சாலை முகவரி, உரிமம் எதுவரை செல்லும், எந்தெந்த வகைப் பொருட்களுக்குச் செல்லும், எந்த பிராண்டுகளுக்கு, இப்போது நடப்பில் இருக்கிறதா என்பது வரும். பெரும்பாலானவர்கள் பச்சையாக ஏதோ வந்தது என்று அதோடு மூடிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அதற்கு அப்புறம்தான்.

ஒன்று, தரநிலை எண். குக்கர் செய்பவரின் உண்மையான உரிம எண்ணைப் பொம்மை அட்டையில் அச்சடித்தாலும் செயலி அதை நடப்பில் உள்ள உரிமம் என்றுதான் காட்டும். பொய் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்கிறது. விவரத்தில் வரும் ஐஎஸ் எண்ணும் அட்டையில் இருக்கும் ஐஎஸ் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது நம் வேலை. மின்சாரம் இல்லாத பொம்மைக்கு வாங்கிய உரிம எண்ணை விளக்கு எரியும் காரின் அட்டையிலும் போட்டு விடுவது இன்னும் நுணுக்கமான தில்லுமுல்லு. அதுவும் இந்த ஒப்பீட்டில் சிக்கும்.

இரண்டு, முகவரி. பிஐஎஸ் உரிமம் பிராண்டுக்குக் கிடைப்பதில்லை, குறிப்பிட்ட தொழிற்சாலைக்குக் கிடைக்கிறது. அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் நிறுவனம் விற்பனை மட்டும் செய்யலாம். உண்மையில் செய்வது வேறொரு ஊரில் வேறொரு பெயரில் இருக்கலாம். ஆகவே செயலியில் வரும் பெயர் பிராண்டின் பெயராக இல்லையே என்று பதற வேண்டாம். அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் தயாரித்தவர் என்று ஒரு முகவரி இருக்கும். செயலி காட்டுவதோடு பொருந்த வேண்டியது அதுதான். பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு எல்லாம் அட்டையில் இருந்தாக வேண்டும். இவை எதுவும் இல்லாத பொம்மைக்கு முத்திரை தேடுவது நேர விரயம்.

மூன்று, நிலை. காலாவதி, நிறுத்திவைப்பு, ரத்து என்று ஏதாவது வந்தால் அட்டையில் இருக்கும் தயாரிப்பு மாதத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். உரிமம் நடப்பில் இருந்தபோது செய்து கடையில் தங்கிய சரக்கு வேறு, உரிமம் போன பிறகு செய்தது வேறு.

எண் கிடைக்கவே இல்லை என்று வந்தால் முதலில் தட்டச்சைச் சந்தேகப்படுங்கள். பொம்மையின் அடியில் அச்சில் வார்த்த எண்களில் 8, 6, 0 மூன்றும் ஒன்றுபோல் தெரியும். டார்ச்சைச் சாய்வாக அடித்தால் நிழல் விழுந்து தெளிவாகும். முத்திரை பெட்டியில் மட்டும் இருந்து பொம்மையில் இல்லாத சந்தர்ப்பங்களும் உண்டு, முக்கியமாகச் சின்னப் பொம்மைகளில். பெட்டியைக் குப்பையில் போடுவதற்குமுன் அதை ஒரு படம் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். பில் கூடவே இருக்கட்டும்.

இணையத்தில் வாங்கும்போது இந்த முறை பாதியில் நின்றுவிடுகிறது. விற்பனைப் பக்கத்தில் பொம்மையின் ஏழு கோணம் இருக்கும், பெட்டியின் பின்புறம் இருக்காது. சிஎம்/எல் எண்ணை எழுதியிருக்கும் விற்பனையாளர்கள் குறைவு. எண் இல்லாவிட்டால் கேள்வி பகுதியில் கேளுங்கள். பதில் வராவிட்டால், திருப்பி அனுப்பும் வசதி உள்ள பொருளாக மட்டும் வாங்கி, வந்தவுடன் குழந்தை கையில் கொடுக்கும் முன் சரிபாருங்கள். சிஇ என்ற ஐரோப்பிய எழுத்துகள் இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலான பொம்மைகளில் அது தயாரிப்பாளரே தன்னைப் பற்றித் தரும் அறிவிப்பு. இந்தியாவில் அது முத்திரைக்கு ஈடாகாது. நச்சற்றது என்று அட்டையில் எழுதியிருப்பதற்கு, எந்தத் தரநிலைப்படி என்று பக்கத்தில் இல்லாவிட்டால், அர்த்தமே இல்லை.

ஈயத்தை எப்படி அளக்கிறார்கள்

பகுதி 3 எட்டுத் தனிமங்களைக் கணக்கில் எடுக்கிறது. ஒரு கிலோ பொம்மைப் பொருளிலிருந்து கரைந்து வெளிவரக்கூடிய அளவு, மில்லிகிராமில்: ஆன்டிமனி 60, ஆர்சனிக் 25, பேரியம் 1000, காட்மியம் 75, குரோமியம் 60, ஈயம் 90, பாதரசம் 60, செலினியம் 500. களிமண் போல் பிசையும் பொம்மைமாவுக்குச் சிலவற்றில் இன்னும் இறுக்கம்: காட்மியம் 50, குரோமியம் 25, பாதரசம் 25. விரல் வண்ணத்துக்கு ஈயம் 25 மட்டுமே, ஏனென்றால் அது குழந்தையின் விரலிலிருந்து நேராக வாய்க்குப் போகும்.

கரைந்து வெளிவரக்கூடிய என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஆய்வகத்தில் பொம்மையின் பெயிண்டைச் சுரண்டிப் பொடியாக்கி, அதன் எடையைப் போல் 50 மடங்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுவார்கள். அமிலத்தின் செறிவு லிட்டருக்கு 0.07 மோல், வெப்பம் 37 டிகிரி: குழந்தையின் வயிறு. ஒரு மணி நேரம் குலுக்கி, ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, வடிகட்டி, அமிலத்தில் எவ்வளவு ஈயம் இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். பெயிண்டில் மொத்தம் எவ்வளவு ஈயம் என்பது கேள்வியே அல்ல. மொத்தத்தில் பல நூறு மில்லிகிராம் ஈயம் கட்டிப் பிடித்திருக்கும் ஒரு பிளாஸ்டிக், அமிலத்தில் 80 மட்டும் விட்டால் தேறிவிடும்.

அமெரிக்கா இந்த வழியில் போகவில்லை. 2007-ல் ஈயப் பெயிண்ட் பூசிய பொம்மைகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்ற பிறகு, 2008-ல் வந்த சட்டம் மொத்த ஈயத்தையே கட்டுப்படுத்தியது: இன்று பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்கு, அடிப்பொருளில் 100 பங்கு. ஐரோப்பா நம்மைப் போலக் கரைவதைத்தான் அளக்கிறது. ஆனால் எட்டுக்குப் பதில் பத்தொன்பது தனிமங்கள், ஈயத்துக்கு 2018 அக்டோபர் முதல் சுரண்டி எடுக்கும் பூச்சில் கிலோவுக்கு 23 மில்லிகிராம், உலர்ந்து நொறுங்கும் பொருளில் 2 மில்லிகிராம், திரவத்தில் அரை மில்லிகிராம். நம் 90-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ 8124-3 என்ற சர்வதேசத் தரநிலையை அப்படியே எடுத்துக்கொண்டதால் வந்த எண் அது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு, ஆய்வகங்களோடு பழகாதவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவு மாறும் என்பதால் இந்தச் சோதனைமுறையில் ஒரு திருத்தம் அனுமதிக்கிறார்கள். ஈயத்துக்கு அது 30 சதவீதம். கருவி 120 என்று காட்டினால் அதில் 36-ஐக் கழித்து 84 என்று எழுதுவார்கள். 84 என்பது 90-க்குள். தேறியது. இது மோசடி அல்ல, விதியே அப்படித்தான். ஆனால் தேறிய பொம்மை என்பதற்கு ஈயம் இல்லாத பொம்மை என்று பொருள் கொள்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

பகுதி 3-இன் முக்கியக் குறி 6 வயது வரையான குழந்தைகளுக்கான பொம்மைகளில் வாய்க்குப் போக வாய்ப்புள்ள பாகங்கள். எனவே அட்டையில் வயது எப்படிப் போட்டிருக்கிறது என்பது ரசாயனத்துக்கும் பொருந்தும் விஷயம். எட்டு வயதுக்கு மேல் என்று போட்ட வண்ணக் காரை இரண்டு வயதுத் தம்பி கடிக்கிறான் என்றால், அவன் கடிப்பதை மனதில் வைத்து அது சோதிக்கப்பட்டிருக்காது.

கடையில் கண்ணால் பார்த்து ஈயத்தைக் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகத்துக்கு வரிசை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஈயக் குரோமேட் என்ற மலிவான நிறமி மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் போவது; நீலத்தோடு கலந்தால் பச்சை, மாலிப்டினம் சேர்ந்தால் செம்மஞ்சள். வெயிலில் மங்காமல் அழுத்தமாக நிற்கும், அதனால்தான் விரும்பினார்கள். வீட்டுப் பெயிண்டில் 2017 நவம்பர் முதல் இந்தியாவில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது. ஆனால் தொழிற்சாலை உபயோகப் பெயிண்டுக்கு அந்த விதி இல்லை. முகவரியில்லாத பட்டறையில் தகரப் பொம்மைக்கும் மர வண்டிக்கும் எந்த டப்பா திறக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அட்டையில் முகவரி இல்லை, மஞ்சளும் ஆரஞ்சும் பச்சையும் பளீரென்று பூசியிருக்கிறது, நகத்தால் கீறினால் செதில் வருகிறது என்றால் விட்டுவிடுங்கள்.

தாலேட்: வாசனையை நம்பாதீர்கள்

பிவிசி பிளாஸ்டிக் இயல்பில் கெட்டியானது, தண்ணீர்க் குழாய் போல. அதை அமுக்கினால் கீச்சிடும் வாத்தாக மாற்ற வேண்டுமென்றால் எடையில் 30, 40 சதவீதம் வரை இளக்கும் எண்ணெய் சேர்க்க வேண்டும். மலிவானது தாலேட். அது பிளாஸ்டிக்கோடு வேதிப் பிணைப்பில் சேர்வதில்லை, சும்மா ஊறி நிற்கிறது. சப்பினால் எச்சிலில் இறங்கிவிடும். ஹார்மோன் இயக்கத்தைக் கலைப்பது என்பதால் உலகெங்கும் பொம்மையில் கட்டுப்படுத்தப்பட்டது.

பகுதி 9-இன்படி டிஇஹெச்பி, டிபிபி, பிபிபி என்ற மூன்று தாலேட் வகைகளும் எல்லாப் பொம்மையிலும் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது. டிஐஎன்பி, டிஐடிபி, டிஎன்ஓபி மூன்றும் வாயில் வைக்கக்கூடிய பொம்மைகளில் அதே 0.1-க்குள். இளக்குவதற்கு 30 சதவீதம் வேண்டும், அனுமதி 0.1 என்றால், சேர்க்கவே கூடாது என்பதுதான் விதியின் பொருள், 0.1 என்பது தற்செயலாக ஒட்டிக்கொண்டு வரும் தடயத்துக்கு விட்ட இடம். இடைப்பட்ட எண்கள் பெரும்பாலும் பழைய பிவிசித் துண்டுகளை அரைத்துக் கலப்பதால் வருபவை. ஈயத்தை விட இந்தச் சோதனை ஒரு விதத்தில் நேர்மையானது, ஏனென்றால் இங்கே அளப்பது மொத்த அளவு.

புது பிளாஸ்டிக் நெடி அடித்தால் தாலேட் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தவறு. தாலேட்டுகளுக்கு வாசனை கிட்டத்தட்ட இல்லை. நெடி கரைப்பான்களாலும் வார்ப்பு மிச்சங்களாலும் வருவது. நெடி இல்லாத பொம்மையில் தாலேட் இருக்கலாம், நெடியுள்ளதில் இல்லாமலும் போகலாம். பார்க்க வேண்டியது வேறு: அடியில் முக்கோணத்துக்குள் 3 என்றோ பிவிசி என்றோ இருந்து பொருள் மென்மையாக இருந்தால் கேள்வி எழுகிறது. பழைய மென்பொம்மை பிசுபிசுவென்று ஆகி, மேலே தூசி ஒட்ட ஆரம்பித்தால், உள்ளே ஊறியிருந்த எண்ணெய் வெளியே வருகிறது. அது தாலேட்டா, டிஓடிபி போன்ற மாற்றா என்பது தெரியாவிட்டாலும், கைக்குழந்தைக்கு அது வேண்டாம். கடித்துச் சப்பும் வயதுக்கு சிலிகான், வண்ணம் பூசாத மரம், துணி ஆகியவற்றை விரும்புவதற்கு இதுதான் காரணம். மற்றபடி சிலிகான் என்று எழுதியதெல்லாம் சிலிகான் அல்ல என்பது தனிக் கதை.

முத்திரை எட்டாத இடங்கள்

மதிப்பெண் குறைவது இங்கேதான். ஸ்லைம் என்று டப்பாவில் வரும் வழுவழுப்பான பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கெட்டிப்படுத்துவது பெரும்பாலும் போராக்ஸ், அதாவது போரான் சேர்மம். ஐரோப்பா இப்படி ஒட்டும் பொருளில் கரையும் போரானுக்குக் கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது, ஸ்லைம்கள் அங்கே அதில் அடிக்கடி தோற்கின்றன. நம் எட்டுத் தனிமப் பட்டியலில் போரான் இல்லை. முத்திரையுள்ள ஸ்லைமாக இருந்தாலும் போரானைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. விளையாடிய பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வைப்பதும், மூன்று வயதுக்குக் கீழே கொடுக்காமலிருப்பதும் தவிர வழியில்லை. வீட்டிலேயே போராக்ஸ் வாங்கிக் கலக்கும் வீடியோக்கள் இதைவிட மோசம். அளவே இல்லாமல் கொட்டுவார்கள்.

எழுத்துகள் கோர்க்கும் நுரைப்பாய் இன்னொன்று. இவிஏ என்ற பிளாஸ்டிக்கில் செய்த அந்த நுரையை ஊதும்போது ஃபார்மமைடு என்ற பொருள் மிஞ்சி நின்று காற்றில் மெதுவாக வெளியேறும். 2010 கடைசியில் பெல்ஜியம் இத்தகைய பாய்களைத் தடை செய்தது. பிறகு ஐரோப்பா முழுவதும் அதற்கு எல்லை வந்தது. இங்கே பகுதி 3-லும் 9-லும் அது இல்லை. வாங்கியவுடன் துண்டுகளைப் பிரித்து மொட்டை மாடியிலோ பால்கனி நிழலிலோ சில நாள் காற்றாட விட்டால் பெருமளவு குறையும். மூடிய ஏசி அறையில் புதுப்பாயை விரித்துக் குழந்தையை அதில் தூங்க வைப்பதுதான் செய்யக்கூடாதது.

கறுப்பு நிற பிளாஸ்டிக் பொம்மைகளில், பழைய டிவி, கணினிப் பெட்டிகளை அரைத்த பிளாஸ்டிக்கும் அதிலிருந்த புரோமின் தீத்தடுப்பான்களும் வந்து சேர்வது பல நாட்டு ஆய்வுகளில் வெளிப்பட்டிருக்கிறது. சுழற்றும் கனசதுரப் புதிர்களில் முக்கியமாக. நம் தரநிலை அதையும் தேடுவதில்லை.

குழந்தைகளுக்கான ஃபேன்சி நகை பொம்மையே அல்ல என்று தரநிலை ஒதுக்கி வைத்திருக்கிறது. அதனால் இளவரசி செட் என்ற பெயரில் வரும் தோடு, மோதிரம், சங்கிலி எதற்கும் இந்த முத்திரை தேவைப்படாது என்று கடைக்காரர் சொன்னால், பாதி உண்மை: முத்திரை வேண்டாம் என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. மலிவான உலோகக் கலவைகளில் ஈயமும் காட்மியமும் நிறைய வரும் இடம் அதுதான். பிடித்து இழுத்தால் வளையும், அளவுக்கு மீறிக் கனமாக இருக்கும், மேல்பூச்சு போனால் சாம்பல் நிறம் தெரியும் சங்கிலியைச் சப்பும் வயதுக் குழந்தைக்குப் போடாதீர்கள். ரப்பர் சூப்பானும் இந்த ஆணைக்குள் வராது, பட்டமும் அப்படித்தான்.

கைவினைப் பொம்மைகளின் கதை வேறு. 2020 டிசம்பரில் செய்த திருத்தப்படி, கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கலைஞர்கள் செய்து விற்பவற்றுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருட்களைப் பதிவுள்ளவர் செய்து விற்பதற்கும் முத்திரை வேண்டாம். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் கர்நாடகத்துச் சன்னபட்ணா, ஆந்திரத்து எட்டிகொப்பாகா மரப் பொம்மைகளும் இதனால் தப்பித்தன. லட்சக்கணக்கில் செலவாகும் ஆய்வகத்தைக் குடிசைத் தொழில் தாங்காது என்பதால் இது நியாயமான விலக்கு. ஆனால் விலக்கு என்பது சோதித்துப் பார்த்தோம் என்ற சான்று அல்ல. சோதிக்கச் சொல்லவில்லை, அவ்வளவே. அரக்குப் பூச்சில் சேர்த்தது தாவரச் சாயமா, கடை நிறமியா என்று கேட்டு வாங்குங்கள். எட்டிகொப்பாகாவின் புகழே தாவரச் சாயத்தால் வந்தது. அதைச் செய்பவர் பெருமையாகச் சொல்வார். தலையாட்டி பொம்மை அலமாரியில் நிற்பதற்கு, வாயில் வைப்பதற்கு அல்ல. மேலும் விலக்கு கலைஞருக்கும் குறியீட்டின் பதிவுள்ளவருக்கும்தான். சன்னபட்ணா மாதிரி என்று சொல்லி எந்திரத்தில் ஆயிரக்கணக்கில் கடைந்து கொட்டும் தொழிற்சாலைக்கு அது செல்லாது.

மின்பொம்மைகளில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம்: பட்டன் பேட்டரி. விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டி, அங்கேயே காரத்தை உண்டாக்கி, இரண்டு மணி நேரத்தில் தசையை அரிக்கத் தொடங்கும். மூடியில் ஸ்க்ரூ இல்லாமல் நகத்தால் திறக்க முடிகிற பொம்மையை, முத்திரை இருந்தாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் சோதிக்கும் குச்சிகள்

இணையத்தில் ஈயம் கண்டுபிடிக்கும் குச்சிகள் விற்கின்றன. தேய்த்தால் சிவப்பாகும் என்பார்கள். செயலிக்கு மாற்றாக அவற்றை நினைக்க வேண்டாம். 2007-ல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய குச்சிகளைச் சோதித்தபோது 104 முடிவுகளில் 56, ஈயம் இருந்தும் இல்லை என்று காட்டின. மேலே ஈயமில்லாத பூச்சு, அடியில் ஈயப் பூச்சு என்றால் குச்சிக்கு எட்டாது. சிவப்புப் பெயிண்டே குச்சியில் ஒட்டிக்கொண்டு பயமுறுத்துவதும் உண்டு. எக்ஸ்ரே துப்பாக்கி போன்ற கருவி வைத்திருக்கும் ஆய்வகம் மொத்த ஈயத்தை நொடியில் சொல்லும், ஆனால் அது பகுதி 3-இன் எண்ணோடு ஒப்பிட வேண்டிய எண் அல்ல. 300 என்று வந்துவிட்டதே, சட்ட மீறல் என்று சண்டைக்குப் போனால் தோற்பீர்கள். வாங்காமல் விடுவதற்கு மட்டும் அந்த எண் போதும்.

புகார்ப் பகுதி

செயலியின் இந்தப் பாதிக்குத்தான் கூடுதல் மதிப்பெண். முத்திரையே இல்லாமல் விற்பது, போலி முத்திரை, முத்திரை இருந்தும் தரக்குறைவு ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்யலாம். எதில் போடுகிறோம் என்பது முக்கியம். போலி எண் என்று சந்தேகப்பட்டதைத் தரக்குறைவு என்று போட்டால், விசாரணை அந்த எண்ணுக்கு உரிய, சம்பந்தமே இல்லாத தொழிற்சாலைக்குப் போகும். அட்டையின் நான்கு பக்கமும் முத்திரையும் தெரியும் படங்கள், பில், கடையின் முகவரி, செயலியில் அந்த எண்ணுக்கு வந்த விவரத்தின் ஸ்க்ரீன்ஷாட் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். பொம்மையைப் பிரிக்காமல், கழுவாமல் வைத்திருங்கள். சோதனைக்குக் கேட்டால் அதுவே மாதிரி. பணத்தைத் திரும்பப் பெறுவது பிஐஎஸ் வேலை அல்ல. அதற்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நேரில் போக விரும்புபவர்களுக்குச் சென்னைத் தரமணியில் அமைவனத்தின் மண்டல அலுவலகம் உண்டு.

இல்லாமல் போனது, திரும்பப் பெறும் பொம்மைகளின் பட்டியல். ஐரோப்பாவில் ஆபத்தான பொருட்கள் என்று பிடிபட்டவற்றைப் படத்தோடு, எந்த ரசாயனம், எவ்வளவு என்ற எண்ணோடு பொதுமக்கள் தேடிப் பார்க்கலாம், அமெரிக்காவிலும் அப்படியே. பொருளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரத்தை நம் 2016 சட்டமும் பிஐஎஸ்ஸுக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் எந்தப் பொம்மை எந்தச் சோதனையில் தோற்றது என்று ஒரு தாய் தன் கைபேசியில் தேடிப் பார்க்கும் வசதியைச் செயலி தரவில்லை. உரிமத்தின் பக்கத்தில் கடைசியாகச் சந்தையில் எடுத்த மாதிரியின் பகுதி 3, பகுதி 9 முடிவைப் போட்டாலே மூன்றரை நாலரை ஆகிவிடும்.

2021-க்கு முன் வாங்கிய பெரும்பாலான பொம்மைகளுக்கு எண்ணும் கிடையாது, தேடுவதற்கு ஒன்றும் கிடையாது. அக்கா வீட்டுப் பையன் விளையாடிவிட்டு வந்த மூட்டையைப் பிரிக்கும்போது மூன்றாகப் பிரிக்கலாம். பெயிண்ட் உரிந்தவை, பிசுபிசுத்த மென்பிவிசி, மேல்பூச்சு போன உலோக நகைகள் எல்லாம் வெளியே. அடுப்பிலோ குப்பை மேட்டிலோ எரிக்காமல் குப்பை வண்டியில். பூச்சு இல்லாமல் முழுக்க ஒரே நிறத்தில் வார்த்த கெட்டி பிளாஸ்டிக் கட்டைகள், எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயது கடந்த குழந்தைக்கு. துணிப் பொம்மையைத் துவைத்து, பொத்தான் கண்களை இழுத்துப் பார்த்துவிட்டு யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.